இறுக்கத் தெரிந்தது, விடத் தெரியவில்லை

கர்ப்பத்தின் 24வது வாரத்தில்தான் வலி ஆரம்பித்தது. இரவில் ஒருக்களித்துப் படுத்திருந்து மறுபக்கம் திரும்பினால், அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்க எலும்புகள் சேரும் இடத்தில் சுரீரென்று இழுக்கும். படி ஏறும்போதும் அதே வலி. நின்றுகொண்டு உடை மாற்ற ஒரு காலைத் தூக்கினால் உயிர் போகும். "மாசமா இருந்தா இதெல்லாம் சகஜம், பொறுத்துக்கோ" என்றுதான் சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். என் மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. கர்ப்ப காலப் பயிற்சிகளில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

அங்கே போவதற்கு முன்பே நானாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். சுகப்பிரசவத்துக்குக் கீகல் பயிற்சி நல்லது என்று எங்கோ கேட்டுவிட்டு, உட்கார்ந்தால் எழுந்தால் இடுப்புத் தளத் தசைகளை, அதாவது இடுப்புக்கு அடியில் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் தசைகளை, இறுக்கிக்கொண்டே இருந்தேன். சிறுநீரை அடக்குவது போல இறுக்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். இறுக்கிய பிறகு முழுசாக விட வேண்டும் என்பது மனதில் பதியவே இல்லை.

பிசியோதெரபிஸ்ட் முதலில் நான் நடப்பதையும், நாற்காலியிலிருந்து எழுவதையும், ஒற்றைக் காலில் நிற்பதையும் பார்த்தார். அப்புறம் ஒரு சின்னத் துண்டை நீளவாக்கில் இறுக்கச் சுருட்டி, கெட்டியான நாற்காலியில் வைத்து, அதன்மேல் குதிரையில் உட்காருவது போல உட்காரச் சொன்னார். "இப்ப மெதுவா மூச்சை இழுங்க. கீழே துண்டு மேல ஏதாவது அழுத்தம் கூடுதா?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "சரி, இறுக்குங்க." தசை துண்டிலிருந்து மேலே எழும்புவது நன்றாகத் தெரிந்தது. "இப்ப விடுங்க." விட்டேன். "இன்னும் விடுங்க." விட்டாச்சே என்றேன். அவர் என் தோளைத் தொட்டுக் காட்டினார். காதுவரை தூக்கி வைத்திருந்தேன். பற்களைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாயை லேசாகத் திறந்து, "ஹா" என்று மூச்சை விட்டுத் தோளையும் தாடையையும் தளர்த்தியபோதுதான், துண்டின்மேல் ஏதோ கனமாக, இதமாக இறங்கியது. அதுவரை அப்படி ஓர் அசைவு என் உடம்பில் இருப்பதே எனக்குத் தெரியாது.

"உங்களுக்கு இறுக்க நல்லாவே வருது. விடத்தான் கத்துக்கணும். குழந்தை வெளியே வர்றப்ப இந்தத் தசை நீண்டு வழிவிடணும் இல்லையா?" என்றார்.

கீகல் பயிற்சி மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. 1948இல் ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர் எழுதியதிலிருந்து அது அந்தப் பெயரில் பரவியது. பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசியும் பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் தளர்த்துவது அதில் பாதி. என்னைப் போல ஏற்கெனவே இறுகிக் கிடப்பவர்கள் இறுக்குவதை மட்டும் செய்தால் வலி கூடவும் செய்யலாம்.

மூச்சை இழுத்தால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழிறங்கும், அதோடு இடுப்புத் தளமும் இறங்கித் தளரும். மூச்சை விட்டால் இரண்டும் மேலேறும். அடுத்த இரண்டு வாரமும் இதுதான் என் முக்கியப் பயிற்சி. காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம். கூடவே தவழும் நிலையில் முதுகை வளைத்து நிமிர்த்துவது, பெரிய பந்தின்மேல் உட்கார்ந்து இடுப்பைச் சுழற்றுவது, தினமும் கொஞ்சம் நடை.

வலி குறைந்ததற்குச் சின்னச் சின்ன மாற்றங்களும் காரணம். படுக்கையில் திரும்பும்போது முழங்கால்களைச் சேர்த்து வைத்து, மூச்சை விட்டபடி உடம்பை மொத்தமாக உருட்டுவது. எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் சாய்ந்து கையூன்றி எழுவது. உட்கார்ந்துதான் உடை மாற்றுவது. கால்களுக்கிடையே தலையணை. மூன்றே வாரத்தில் இரவில் தூங்க முடிந்தது.

34வது வாரம் தாண்டியதும், பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியை மசாஜ் செய்யக் கற்றுக்கொடுத்தார். இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நகம் வெட்டி, கை கழுவி, எண்ணெய் தொட்டு, கட்டைவிரலைப் பிறப்புறுப்புக்குள் 3 செ.மீ. அளவு வைத்துக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். முதலில் எரியும். அந்த எரிச்சல் வரும்போது மூச்சை விட்டுத் தசையைத் தளர்த்துவதுதான் பயிற்சியே. வாரத்துக்கு இரண்டு முறை செய்தேன். முதல் பிரசவத்தில் தையல் தேவைப்படும் அளவுக்குக் கிழிவதை இது குறைக்கிறது. கிழியவே கிழியாது என்று உறுதி சொல்ல முடியாது. இரத்தப்போக்கோ, நஞ்சுக்கொடி கீழிறங்கி இருப்பதோ, தொற்றோ, பனிக்குடம் உடைந்ததோ இருந்தால் செய்யக் கூடாது. உடற்பயிற்சியும் அப்படித்தான், மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

கடைசி வாரங்களில் பிரசவ நிலைகளைப் பழகினோம். முழங்கால்களை அகட்டினால் குழந்தை உள்ளே இறங்கும் இடுப்பெலும்பின் மேல்வாசல் விரியும்; முழங்கால்களை உள்ளே சேர்த்துப் பாதங்களை வெளியே தள்ளினால் குழந்தை வெளியே வரும் கீழ்வாசல் விரியும். இதைக் கேட்டு நான் வியந்துபோனேன். முக்கும்போது கால்களை முடிந்தவரை அகட்டுவதுதான் வழி என்று நினைத்திருந்தேன்.

39வது வாரத்தில் வலி எடுத்தது. 14 மணி நேரம். சுலபமாக இருந்தது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு வலிக்கும் தாடையைத் தளரவிட்டு, "ஹா" என்று மூச்சை விட்டேன். ஒருக்களித்துப் படுத்தே பெற்றுக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வைத்திருந்ததால், அதற்கு ஒத்துழைத்தார்கள். தலை தெரிந்தபோது அதே எரிச்சல், பல மடங்காக. பயந்து இறுக்கப் போனேன். "முக்காதீங்க, மூச்சு மட்டும் விடுங்க" என்று செவிலியர் சொன்னதும், நாற்காலியில் சுருட்டி வைத்த துண்டுதான் நினைவுக்கு வந்தது. விட்டேன். மகள் பிறந்தாள். சின்னக் கிழிசல், மூன்று தையல்.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். வயிற்றின் நடுத்தசைகள் இரண்டு விரல் அளவு விலகியிருந்தன. தும்மினால் இரண்டு சொட்டுச் சிறுநீர் கசிந்தது. அறுவை சிகிச்சையில் பெற்றவர்களுக்கும் இடுப்புத் தளம் ஒன்பது மாதம் பாரம் தாங்கியதுதானே, அவர்களும் வந்து பார்க்க வேண்டும் என்றார். மகளை மடியில் வைத்துக்கொண்டே அதே துண்டின்மேல் உட்கார்ந்தேன். இந்த முறை இறுக்குவதுதான் வரவில்லை. "இனிமேதான் உங்களுக்கு கீகல்" என்று சொல்லி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பத்து எண்ணும்வரை விடச் சொல்லிக்கொடுத்தார்.