அழிய மறுக்கும் கோப்புகள்

கிளிநொச்சியில் கணினி திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். கடையில் இருக்கிறவை எல்லாம் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் இயந்திரங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ கொண்டு வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு: "தம்பி, இதில இருக்கிறதை அழிக்க ஏலாமல் கிடக்கு. ஒருக்கால் எல்லாத்தையும் துடைச்சுத் தாங்கோ."

துடைப்பது சின்ன வேலை. ஆனால் ஒரு டிஸ்க் அழிக்க விடாமல் நிற்கிறதென்றால் ஏன் என்று பார்க்காமல் நான் கை வைப்பதில்லை. முதலில் டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'டிமெசேஜ்' கட்டளையை ஓட்டி, டிஸ்க்கைச் செருகியதும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பேன். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

சில காரணங்கள் லேசானவை. ஓர் ஆசிரியர் பழைய வினாத்தாள்களையெல்லாம் அழித்தும் இடம் கூடவில்லை என்று வந்தார். லினக்ஸில் கோப்பு மேலாளரால் அழிப்பவை அந்த டிஸ்க்கிலேயே 'டிராஷ்-1000' என்ற மறைந்த கோப்புறைக்குப் போய்க் குந்தியிருக்கும். 1000 என்பது பயனரின் எண். கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் தெரியும். குப்பைத் தொட்டியை வெறுமையாக்கியதும் இடம் வந்துவிட்டது.

லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க் என்றால் கதை வேறு. கோப்புக்கு எல்லா அனுமதியையும் கொடுத்துவிட்டு, இன்னும் அழியவில்லையே என்று நிற்பார்கள். அழிக்கும் உரிமை கோப்பில் இல்லை, அது இருக்கிற கோப்புறையில் இருக்கிறது. கோப்புறையில் எழுதும் அனுமதி இல்லாவிட்டால் கோப்பை என்ன செய்தும் பயனில்லை.

கூடுதலாக வருவது விண்டோஸில் பாவித்த, அதன் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்குகள். விண்டோஸ் 8 இலிருந்து வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்', இயந்திரத்தை நிறுத்தும்போது முழுதாக நிறுத்துவதில்லை. அப்போது செருகியிருந்த டிஸ்க்கும் அரைகுறை நிலையில் வெளியே வரும். லினக்ஸ் அதைக் கண்டுகொண்டு வாசிக்க மட்டும் விடும், சில வேளை மவுண்ட் செய்யவே, அதாவது இணைத்துத் திறக்கவே, மறுக்கும். லினக்ஸில் இருக்கிற 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' கருவியை ஓட்டச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். அது சில அடிப்படைப் பிழைகளைத் திருத்தி, அடுத்த முறை விண்டோஸில் சோதிக்கும்படி குறித்துவைக்கும், அவ்வளவுதான். டிஸ்க்கை அதே விண்டோஸ் கணினிக்குக் கொண்டுபோய் 'செக்டிஸ்க்' என்ற சோதனைக் கட்டளையை ஓட்டி, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு முழுதாக நிறுத்திவிட்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

2022 மின்வெட்டுக் காலத்தில் இன்னொரு வகை வந்து குவிந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் நின்றதால் கோப்பு அட்டவணை குழம்பிய, ஃபாட் என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ்கள். பிழையைக் கண்டதும் கர்னல் தானாகவே எழுதுவதை நிறுத்திவிடும். அந்தக் கட்டுப்பாட்டை வலுக்கட்டாயமாகத் தூக்கிவிட்டு அழிக்கப் போனால், குழம்பிய அட்டவணையின் மேல் எழுதுவதாகிவிடும். அழிக்க நினைத்த கோப்போடு வேறு கோப்பும் போகலாம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் 2009இல் உடுத்த உடுப்போடு வெளியே வந்த குடும்பங்கள் ஏராளம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் போய்விட்டன. பிறகு வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் தங்களிடம் இருந்த படங்களை ஸ்கேன் பண்ணி அனுப்பினார்கள். அவை இன்று இருப்பது சினிமாப் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் நடுவில், இப்படியான டிஸ்க்குகளில்தான்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அக்கா வந்தார். மகனின் படிப்புக்கு இடம் வேண்டும், சினிமாக்களை எடுத்துவிட வேண்டும் என்றார். டிமெசேஜில் வாசிப்புப் பிழைகள் வரிசையாக நின்றன. டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் 'ஸ்மார்ட்' அறிக்கையிலும் வாசிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) தெரிந்தன. (சில யூஎஸ்பி உறைகள் அந்த அறிக்கையை வெளியே விடாது, இது விட்டது.) "அக்கா, இதில வேற என்ன இருக்கு?" என்று கேட்டேன். "அண்ணாட படம் இருக்கு. அது வேற எங்கயும் இல்லை" என்றார்.

சாகிற டிஸ்க்கில் ஒரு கோப்பை அழிப்பதும் எழுதுவதுதான். அதனால் எதையும் அழிக்காமல் 'டிடிரெஸ்க்யூ'வை ஓடவிட்டோம். நல்ல பகுதிகளை முதலில் பிரதி எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும் மென்பொருள் அது. எதுவரை வந்தது என்று ஒரு கோப்பில் குறித்துவைப்பதால், இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சில சினிமாக்கள் முழுதாக வரவில்லை. அண்ணாவின் படங்கள் வந்தன.

புதிய டிஸ்க்கை விண்டோஸும் லினக்ஸும் திறக்கும் எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்து கொடுத்தேன். மகனின் லேப்டாப் விண்டோஸ், எக்ஸ்ட்4 என்றால் அதில் நேரே திறக்காது. எக்ஸ்ஃபாட்டில் ஜர்னல் (இடையில் நின்றுபோன எழுத்தைச் சரிசெய்ய உதவும் பதிவேடு) கிடையாது, ஆகவே 'இஜெக்ட்' கொடுக்காமல் ஒருநாளும் கழற்ற வேண்டாம் என்று மகனிடமும் சொல்லி, படங்களின் இன்னொரு பிரதியை ஒரு பென் டிரைவில் போட்டு அக்காவின் கையில் கொடுத்தேன். சினிமாக்களை அவர்களே வீட்டில் பார்த்து அழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.