கணினி அடிப்படை வகுப்பை ஃபைலிலிருந்து தொடங்குங்கள்

வயது வந்த கல்லூரி மாணவர்களுக்குக் கணினி அடிப்படை எடுப்பவர்கள் பலர், முதல் சில வகுப்புகளைக் கணினியின் தலைமுறைகள், உள்ளீட்டுக் கருவிகள், வெளியீட்டுக் கருவிகள் என்று பாடப்புத்தக வரிசையிலேயே ஓட்டிவிடுகிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு அது போதும். செய்முறைத் தேர்வில் மாணவர் திணறுவதோ செய்து முடித்த வேலையை எங்கே வைத்தோம் என்று தெரியாமல். பாடத்திட்டம் எந்த வரிசையில் இருந்தாலும் சரி, ஃபைல், ஃபோல்டர், சேவ் இவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். வேர்டு, எக்செல், மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம்.

முதல் நாளில் "கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் யார்?" என்று கேட்காதீர்கள். வயதில் மூத்தவர்கள் கை தூக்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக 15 நிமிட வேலை ஒன்றைக் கொடுங்கள்: ஒரு ஃபைலை டவுன்லோட் செய்து, புதிய ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் அதை நகர்த்தி, பெயர் மாற்றி, மின்னஞ்சலில் இணைத்து அனுப்ப வேண்டும். பின்னால் நின்று பார்த்தாலே யாருக்கு எது வராது என்று தெரிந்துவிடும். சிலருக்கு மவுஸ் பிடிப்பதே சிரமம். சிலர் வேலையிடத்தில் ஒரே மென்பொருளைப் பழகியவர்கள். அதற்கு வெளியே வந்தால் தடுமாறுவார்கள். இன்னும் சிலர் போனில் எல்லாம் செய்வார்கள், ஆனால் டவுன்லோட் ஆன ஃபைல் எங்கே போனது என்று கேட்டால் விழிப்பார்கள். இவர்களைத்தான் 'தெரிந்தவர்' கணக்கில் சேர்த்துவிடுகிறோம். போனில் படம் கேலரியில் வந்து நிற்கும், ஆவணம் அந்தந்த ஆப்பில் தெரியும்; 'எந்த இடத்தில்?' என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

லாகின் செய்வதற்கென்றே ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள். பாஸ்வேர்டு மறந்திருக்கும், சரிபார்ப்புக் குறியீடு வரும் போன் வீட்டில் இருக்கும், கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருக்கும். பொதுக் கணினியில் டேபை மூடினால் மட்டும் போதாது, சைன் அவுட் செய்ய வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடலாம்.

மவுஸுக்கு அதிக நேரம் வேண்டாம். இரட்டைக் க்ளிக் வராததற்குக் காரணம் பெரும்பாலும் வேகம் இல்லை. இரண்டு க்ளிக்குக்கும் நடுவே கை நகர்ந்துவிடுகிறது. உடனே ஐகான் இழுபடும், அல்லது பெயர் மாற்றும் கட்டம் திறக்கும். ஒருமுறை க்ளிக் செய்து என்டர் தட்டச் சொல்லுங்கள், வேலை நடக்கும். இழுத்து விடும் பழக்கத்துக்கு, 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்த சாலிடேர் சீட்டு விளையாட்டு இன்றும் நல்ல பயிற்சிதான்.

இனி ஃபைல். விண்டோஸ் தானாகவே ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை, அதாவது எக்ஸ்டென்ஷனை, மறைத்து வைத்திருக்கும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஷோ என்பதற்குள் போனால் அதைக் காட்டும்படி மாற்றலாம். பிறகு ஒரு படத்தின் நகலை எடுத்து, அதன் .ஜேபிஜி-யை .பிடிஎஃப் என்று மாற்றச் சொல்லுங்கள். ஃபைல் திறக்காது. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. வேர்டு ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்க 'சேவ் அஸ்' அல்லது 'எக்ஸ்போர்ட்' போக வேண்டும் என்று அடுத்துச் சொன்னால் மனதில் நிற்கும்.

வேலை தொலைவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, ஜிப் ஃபைலை (பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது) பிரிக்காமல், உள்ளே இருப்பதை அப்படியே திறந்து திருத்துவது. அப்போது திறப்பது தற்காலிக ஃபோல்டரில் உள்ள நகல். திருத்தியது ஜிப்புக்குள் போய்ச் சேராது. முதலில் 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுக்கும் பழக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். இரண்டு, டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட்டை, அதாவது அசல் ஃபைலுக்கு வழி காட்டும் ஐகானை மட்டும், பென்டிரைவில் நகலெடுத்துப் போவது. அளவைப் பார்த்தால் ஓரிரு கேபிதான் இருக்கும். வேறு கணினியில் அது திறக்காது. ஐகானின் ஓரத்தில் உள்ள சின்ன அம்புக்குறியைப் பார்க்கப் பழக்குங்கள். மூன்று, ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி அமைத்த லேப் கணினிகள். அங்கே டெஸ்க்டாப்பில் வைத்தது மறுநாள் இருக்காது.

ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்), ஸ்டோரேஜ் (நிலையாகச் சேமிக்கும் இடம்) குழப்பத்தை வரையறையால் தீர்க்க முடியாது. பெயின்ட்டில் ஒரு படம் வரையச் சொல்லி, சேவ் செய்யாமல் மூடச் சொல்லுங்கள். பிறகு சேவ் செய்து மூடச் சொல்லுங்கள். முதலாவது ரேமில் மட்டும் இருந்தது, இரண்டாவது ஸ்டோரேஜுக்குப் போனது. முன்பு இதற்கு நோட்பேடைப் பயன்படுத்துவார்கள். விண்டோஸ் 11-இன் புதிய நோட்பேட், சேவ் செய்யாததையும் மறுபடி திறக்கும்போது காட்டக்கூடும் என்பதால் பாடம் தலைகீழாகிவிடும். 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் ஏன் 931 ஜிபி என்று காட்டுகிறது என்று யாராவது கேட்பார்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. எதுவும் திருடு போகவில்லை.

வேர்டில் ஒரே ஒரு கெட்ட பழக்கத்தைத் துரத்தினால் பாதி வேலை முடியும்: ஸ்பேஸ் தட்டி வரிசைப்படுத்துவதும், என்டர் தட்டித் தட்டி அடுத்த பக்கம் போவதும். முகப்புத் தாவலில் உள்ள பத்திக் குறியை அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பேஸும் புள்ளியாகத் தெரியும், மாணவரே சிரிப்பார். புதிய பக்கத்துக்குக் கன்ட்ரோல் + என்டர்.

எக்செலில் சூத்திரத்தைவிட, செல்லுக்குள் இருப்பது எண்ணா எழுத்தா என்பது முக்கியம். இயல்பாக எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். எழுத்தாகப் பதிந்த எண்ணை சம் சூத்திரம் கூட்டாமல் விட்டுவிடும், பிழை என்றும் சொல்லாது. இதற்கு நேர்மாறாக, எழுத்தாக இருக்க வேண்டிய பதிவு எண்ணை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டால், முன்னால் உள்ள பூஜ்ஜியம் காணாமல் போகும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் கடைசி இலக்கங்கள் பூஜ்ஜியமாகிவிடும். தட்டச்சு செய்யும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்ற வேண்டும். பிறகு மாற்றினால் போனது திரும்பாது. சூத்திரத்தை இழுத்தாலும் செல் முகவரி மாறாமல் பிடித்து வைக்கும் டாலர் குறியைப் புரியவைக்க, முதலில் தவறவிடுங்கள்: எல்லா வரிக்கும் பொதுவான எண் இ1-இல் இருக்க, சி2-வில் =பி2*இ1 என்று எழுதிக் கீழே இழுத்தால், அடுத்த வரி பி3*இ2 ஆகி, இ2 காலி என்பதால் பூஜ்ஜியம் காட்டும். ஏன் என்று அவர்கள் தேடிக் கண்டுபிடித்த பிறகு எஃப்4 தட்டி இ1-க்கு டாலர் குறி போடச் சொன்னால் மறக்கமாட்டார்கள். ஒரே நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தும்போது வரும் எச்சரிக்கையைப் படிக்காமல், தேர்ந்தெடுத்ததை மட்டும் வரிசைப்படுத்தும் தெரிவைக் கொடுத்துவிட்டால், ஒருவரின் மதிப்பெண் இன்னொருவரின் பெயருக்குப் போய்விடும்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியது, மாணவரின் மவுஸைத் தொடாமல் இருப்பது. கை பரபரக்கும், அடக்குங்கள். 'திரையில் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். இருவர் ஒரு கணினியில் இருந்தால் மெதுவாகச் செய்பவர் கையில் மவுஸ் இருக்கட்டும். ஒரே மூச்சில் மூன்று நான்கு படிகளுக்கு மேல் செய்து காட்ட வேண்டாம். 'புரிந்ததா?' என்ற கேள்விக்கு எப்போதும் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். எல்லாவற்றையும் மூடிவிட்டுக் குறிப்பைப் பார்க்காமல் மறுபடி செய்யச் சொல்வதே சோதனை.

செய்முறைத் தேர்வை வகுப்பில் செய்த அதே ஃபைலை வைத்து நடத்தினால் மனப்பாடம்தான் வெளிவரும். அதே திறன், வேறு ஃபைல் என்று கொடுங்கள். சமர்ப்பிக்கும் விதத்துக்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள். மாணவர்களுக்கு: கேள்வித்தாள் வந்ததும் பதிவு எண்ணில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, காலி ஃபைலையே அதற்குள் சரியான பெயரில் சேவ் செய்துவிட்டுத் தொடங்குங்கள். பெயரில் சாய்கோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி வைத்தால் விண்டோஸ் ஏற்காது. ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் கன்ட்ரோல் + எஸ். கடைசி ஐந்து நிமிடத்தில் புதிதாக எதையும் தொடாமல் நிரல்களை மூடுங்கள். சமர்ப்பித்த ஃபைலைச் சமர்ப்பித்த இடத்திலிருந்தே மறுபடி திறந்து, கடைசியாக எழுதிய வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.