கிரவுண்ட் காலில் ஒளிந்திருக்கும் ட்ரை சால்டர்

சர்க்யூட் போர்டில் சால்டர் சரியாக ஒட்டாத இணைப்பு, அதாவது ட்ரை சால்டர், என்று சந்தேகம் வந்தால் லென்ஸை முதலில் கிரவுண்ட் கால் பக்கம் கொண்டுபோக வேண்டும். பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் மைனஸ் கால், பவர் கனெக்டரின் கிரவுண்ட் பின் இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். அந்தத் துளை போர்டின் உள்ளே அகலமான செம்புத் தளத்தோடு சேர்ந்திருக்கும். சால்டரிங் அயர்னின் டிப் கொடுக்கும் சூடு, துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையமான பேடில் தங்காமல் தளம் முழுக்க ஓடிவிடும். கீழே சால்டர் பளபளவென்று கூம்பு கட்டியிருக்கும். துளைக்குள்ளோ பாதியிலேயே உறைந்து நிற்கும். போர்டைத் திருப்பிப் பார்க்காதவரை தெரியாது. முலாம் பூசிய துளையில் பொதுவாக 75 சதவீத உயரமாவது சால்டர் ஏறியிருக்க வேண்டும் என்பது எலக்ட்ரானிக்ஸ் தரப் பரிசோதனைக்கான ஐபிசி-ஏ-610 விதியின் அளவு.

உடனே சால்டரிங் ஸ்டேஷனை 420 டிகிரிக்குத் திருகுவது பலரின் கைப்பழக்கம். சால்டர் ஏறுவதற்குள், உலோகத்தைச் சுத்தமாக்கி ஒட்டவைக்கும் ஃப்ளக்ஸ் கருகிவிடும், டிப் கறுக்கும், பேட் உரிந்து வரும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த 63/37 சால்டர் கம்பி 183 டிகிரியில் உருகும். காரீயம் இல்லாத எஸ்ஏசி305 சால்டருக்கே 217 முதல் 220 போதும். குறைவது டிகிரி அல்ல, காலுக்குப் போய்ச்சேரும் சூடு. ஊசிமுனை டிப்பைக் கழற்றி 3 மி.மீ. உளிமுனை டிப்பை மாட்டினால் அதே 350 டிகிரியில் பெரும்பாலும் வேலை முடியும்.

டிப்பில் துளி சால்டர் எடுத்து, காலையும் பேடையும் ஒருசேரத் தொட வேண்டும். ஒரு நொடி விட்டு, கம்பியை எதிர்ப்பக்கத்தில் கொடுக்க வேண்டும். டிப்பிலேயே உருக்கிப் பூசினால் கம்பிக்குள் இருக்கும் ரோசின் ஃப்ளக்ஸ் புகையாகப் போய்விடும். சாதாரணக் காலுக்கு 2–3 நொடி. கிரவுண்ட் கால் 5 நொடியிலும் இளகவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு, போர்டை அடியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்கி, தனியாக ஃப்ளக்ஸ் தொட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். மேல்பக்கத்திலிருந்தும் சால்டர் வைத்து மூடுவது சுத்த ஏமாற்று. நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். பரிசோதகர் கண்ணுக்கோ துளை நிறைந்த மாதிரியே தெரியும்.

உருகிய சால்டர் அலைமேல் போர்டை ஓட்டும் வேவ் மெஷினிலும் இதே கதைதான். அலைக்கு முன் கொடுக்கும் ப்ரீஹீட் குறைந்தால் கிரவுண்ட் துளைகள்தான் முதலில் பட்டினி கிடக்கும்.

உண்மையில் கோளாறு தொடங்குவது போர்டின் வரைபடத்தில். பேடையும் தளத்தையும் சக்கரத்தின் ஆரக்கால் போல நாலு மெல்லிய செம்பு ஆரங்களால் இணைத்து, காலின் விட்டத்தைவிட 0.25 மி.மீ. போலத் துளையைப் பெரிதாக்கினால் இந்தப் பாடு பாதி குறையும். ஆரம் போட்டால் கரண்ட் தாங்காது என்பார்கள். பவர் போர்டில் அது நியாயம், சிக்னல் போர்டில் சாக்கு. இரண்டிலும் ரிஜெக்ஷன் எழுதப்படுவது என்னவோ சால்டரிங் மேசைக் கணக்கில்தான்.