நுரையீரல் தண்ணீரும் நான் முழித்த வைவாவும்

இறுதியாண்டு குழந்தை மருத்துவ வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் பிளவில் மெல்லிய கோடாகத் தண்ணீர். டிடிஎன் (நுரையீரல் தண்ணீர் வடியத் தாமதமாவதால் பிறந்த குழந்தைக்குச் சில நாள் வரும் மூச்சிரைப்பு) என்று உடனே சொல்லிவிட்டேன். அதுவரை சரி.

"கருவில் நுரையீரல் நிறைய இருந்த தண்ணீர் பிறக்கும்போது எங்கே போகிறது?"

"பிறப்புப் பாதையில் நெஞ்சு பிழியப்பட்டு வாய் வழியாக வந்துவிடும் சார்."

"அப்போ வலி எடுத்த பிறகு சிசேரியன் செய்த குழந்தைக்கு, வலியே வராமல் செய்த குழந்தையைவிட இந்தத் தொல்லை ஏன் குறைவு? ரெண்டுமே அந்தப் பாதையில் வரலையே?"

முழித்தேன்.

விஷயம் இதுதான். கருவில் நுரையீரல் செல்கள் குளோரைடைக் காற்றறைகளுக்குள் சுரக்கும், பின்னாலேயே தண்ணீரும் வரும். பிரசவ வலியில் குழந்தையின் அட்ரினலின் எகிறும். அது செல்லின் பீட்டா ஏற்பிகள் வழியாக, காற்றறைப் பக்கம் உள்ள ஈநாக் என்ற சோடியம் வாசலைத் திறக்கும். செல்லுக்குள் நுழைந்த சோடியத்தை மறுபக்கத்து சோடியம்-பொட்டாசியம் பம்ப் வெளியே தள்ள, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரும் போகும். பிழிந்து வருவது சொற்பம். 1996-இல் ஈநாக்கின் ஆல்ஃபா பகுதி இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். தண்ணீர் வடியாமல், பிறந்த 40 மணி நேரத்துக்குள் குட்டிகள் செத்துப்போயின. இந்த ஒன்றைச் சொன்னாலே தேர்வாளர் முகம் மலரும்.

அட்ரினலின், கார்டிசால், தைராய்டு மூன்றும் 'உதவும்' என்று பட்டியலாக மனப்பாடம் செய்ததுதான் என் தப்பு. எது எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும் என்று பார்த்துப் படியுங்கள். அட்ரினலினுக்கு நிமிடங்கள் போதும். மற்ற இரண்டும் அதற்கு முன்பே வாசலையும் பம்பையும் கட்டிவைப்பவை. கட்டாத வாசலைத் திறப்பது எப்படி? தைராய்டை நீக்கிய ஆட்டுக்கருவில் அட்ரினலின் பலிக்கவில்லை. டி3 என்ற தைராய்டு ஹார்மோனும் ஹைட்ரோகார்டிசோனும் (மருந்தாகத் தரும் கார்டிசால்) சேர்த்துக் கொடுத்த பிறகு பலித்தது.

அப்புறம், குறைமாதப் பிரசவம் வருமென்றால் தாய்க்கு 24 மணி நேர இடைவெளியில் கார்டிசால் போல வேலை செய்யும் பீட்டாமெத்தசோன் 12 மி.கி. வீதம் இரண்டு ஊசி. 'எதற்கு?' என்று கேட்டால் எல்லோரும் சர்ஃபாக்டன்ட்டோடு (காற்றறைகள் சுருங்கி ஒட்டாமல் காக்கும் பொருள்) நிறுத்திவிடுவார்கள். ஈநாக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"தண்ணீர்தானே, ஃபுரோசமைடு கொடுக்கலாமா?" என்று, சிறுநீரைப் பெருக்கும் மருந்தைச் சொல்லித் தூண்டில் போடுவார்கள். டிடிஎன்னில் அதற்குப் பலன் இல்லை. தேவைப்பட்டால் ஆக்சிஜன் கொடுத்துக் காத்திருந்தால், பெரும்பாலும் 3 நாளுக்குள் சரியாகிவிடும். நான் அந்தத் தூண்டிலையும் கடித்தேன்.