ஒன்றிலிருந்து ஒன்பது வரை

பிளேட் சேர்வர் என்றதும் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது, ஒவ்வொன்றும் ஒரு முழுக் கணினியான அந்த ஒல்லியான பலகைகள்தான். அவற்றோடு வேலை செய்கிறவனுக்குத் தெரியும், பலகை இரண்டாம் பட்சம், அவற்றைச் செருகுகிற பெட்டியான சேசிதான் முதல். மின்சாரம், காற்று, நெட்வேர்க் மூன்றும் சேசியின் கையில் இருக்கின்றன. எத்தனை கோர், எத்தனை கிகாபைட் என்று பெருமை பேசுகிற பிளேட்டும் சேசி சம்மதிக்காமல் உயிர் பெறாது.

நுவரெலியாவில் ஒரு தேயிலைக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் நான் பார்த்துக்கொண்டது டெல் எம்1000ஈ. 2008இல் வெளிவந்த மாதிரி. சேர்வர்களை அடுக்கும் ராக் சட்டத்தில் 10 யூ உயரம் பிடிக்கும் (யூ என்பது ராக்கின் உயர அளவு). முன்பக்கம் அரை உயரப் பிளேட் செருக 16 ஸ்லொட். பின்பக்கம் 6 பவர் சப்ளை, 9 விசிறி, நெட்வேர்க்குக்கும் ஸ்டோரேஜுக்கும் 6 இடம், அதோடு எல்லாவற்றையும் ஆளும் சிஎம்சி என்ற கட்டுப்பாட்டுப் பலகை இரண்டு. ஒன்று வேலை செய்யும், மற்றது அது விழுந்தால் எழும்பக் காத்திருக்கும். எங்களுக்கு அது புதிதாக வரவில்லை. தலைமை அலுவலகம் பாவித்து முடித்த பிறகு லொறியில் ஏறி, ரம்பொடை வளைவுகளையெல்லாம் சுற்றிக்கொண்டு மேலே வந்தது. மலைக்கு வருகிற பல சாமான்களின் கதை இதுதான்.

முதல் வேலை சிஎம்சிக்கு முகவரி கொடுப்பது. அதை முன்பக்கத்துக் குட்டித் திரையிலேயே செய்யலாம். செய்யாமல் விட்டால் 192.168.0.120 என்ற முகவரியில் இருக்கும். பயனர் பெயர் ரூட், கடவுச்சொல் கல்வின். இதில் இரகசியம் ஒன்றுமில்லை, மேனுவலிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதனாலேயே முதல் நாளே மாற்ற வேண்டும். வேறு இடங்களுக்கு உதவிக்குப் போனபோது, வருடக்கணக்காக அதே கல்வின் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு பிளேட்டுக்குள்ளும் ஐடிராக் என்று ஒரு சிறிய தனிக் கணினி உண்டு. பிளேட் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். குயிக் டிப்ளோய் என்ற பக்கத்தில் முதல் ஸ்லொட்டுக்கு ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டால், மற்ற ஸ்லொட்டுகளின் ஐடிராக்குகளுக்கு வரிசையாக அடுத்தடுத்த முகவரிகள் போய்விடும். இங்கே யாரும் சொல்லித்தராத ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. தொடக்க முகவரியின் கடைசி எண்ணை 101 என்று வையுங்கள். அப்போது ஏழாவது ஸ்லொட் 107, பன்னிரண்டாவது 112. நடுச்சாமத்தில் யாராவது போனில் எழுப்பி "அண்ணே, ஏழு வேலை செய்யல" என்றால், கண்ணைத் திறக்காமலே எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று தெரியும். கிடைத்த இடத்திலிருந்து, 43இலிருந்தோ 86இலிருந்தோ, தொடங்கி வைத்தவர்களின் சேசியில் வேலை செய்யும்போது நான் மனதுக்குள் திட்டியது கொஞ்சமில்லை.

பிளெக்ஸ் அட்ரஸ் என்ற வசதியைப் பலர் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நெட்வேர்க் கார்டை அடையாளம் காட்டும் மெக் முகவரியும் ஸ்டோரேஜுக்கான அடையாள எண்ணும் வழக்கமாகப் பிளேட்டோடு பிறந்தவை. பிளேட் செத்தால் அவையும் போய்விடும். புதுப் பிளேட் போட்டதும் ஸ்டோரேஜ் பக்கம் போய் "இவர்தான் இனி அவர்" என்று எழுத வேண்டும். பிளெக்ஸ் அட்ரஸைப் போட்டுவிட்டால் அடையாளம் ஸ்லொட்டுக்குச் சொந்தமாகிவிடும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் காம்பிராவுக்கு நம்பர் இருப்பது போல, யார் குடிவந்தாலும் நம்பர் மாறாது. (எங்கள் லயத்தில் நம்பர் இருந்தும் பயனில்லை. கடிதமெல்லாம் தோட்ட ஒபிஸுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது வீடு வந்து சேரும்.) பாதையில் மண் சரிந்து கொழும்பிலிருந்து யாரும் வர முடியாத ஒரு நாளில், பழுதான பிளேட்டைக் கழற்றி மேலதிகமாக இருந்ததை அதே ஸ்லொட்டில் செருகினேன். ஸ்டோரேஜ் பக்கம் யாரையும் கூப்பிடாமலே அது பழைய டிஸ்க்கிலிருந்து எழும்பியது. அன்றுதான் அந்தப் பக்கத்தின் அருமை தெரிந்தது.

சிஎம்சிக்குள் இருக்கும் மென்பொருளான பேர்ம்வெயரைப் புதுப்பிக்கும்போது விசிறிகள் முழு வேகத்தில் ஓடுவது இயல்பு. கட்டுப்படுத்துகிற ஆள் கொஞ்ச நேரம் இல்லையே, அந்த இடைவெளியில் எதுவும் சூடாகிவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் செக்குரிட்டி ஐயாவிடம் முன்கூட்டிச் சொல்லாமல் ஓர் இரவு அந்த வேலையைத் தொடங்கியதில், அவர் டோர்ச்சோடு ஓடிவந்து, "தம்பி, மெஷின் பறக்கப் போகுது போல, வெளியே வாங்க!" என்றார். இப்போதெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள்.

காற்றைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். கீழே இருந்து வருகிற ஒவ்வொரு பொறியியலாளரும் சேர்வர் அறைக்குள் கால் வைத்ததும் ஒரே பகிடியைச் சொல்வார்: "உங்களுக்கென்ன, ஜன்னலைத் திறந்தாப் போதும், ஏசி எதுக்கு?" நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். குளிர்தான், ஆனால் காற்று மெலிந்தது. மெலிந்த காற்று அதே வேகத்தில் ஓடினாலும் சூட்டைக் குறைவாகத்தான் சுமக்கும். அதனால்தான் மேனுவலில் 35 பாகை செல்சியஸ் என்று போட்டிருக்கும் உச்ச வெப்பநிலை எல்லா ஊருக்கும் பொருந்தாது. சுமார் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 பாகை கழிக்க வேண்டும். எங்கள் ஊருக்குக் கணக்குப் போட்டால் 3 பாகை போய் 32தான் மிஞ்சும். ஏசி நின்ற மூடிய அறையில் பிளேட்டுகள் அதை எட்ட அதிக நேரம் எடுக்காது. ஜன்னலைத் திறந்தால் பின்னேரத்து மூடுபனி நேராக உள்ளே வரும். கரண்ட் போய் எல்லாம் குளிர்ந்து கிடக்கிற நேரத்தில் ஈரக் காற்று எங்கே போய்ப் படியும் என்று பகிடி சொல்கிறவர் யோசிப்பதில்லை.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். நான் அதிகம் தலையைப் பிய்த்துக்கொண்ட பக்கம் அதுதான்.

பிளேட்டைச் செருகி ஒன் பண்ணினால் அது உடனே எழும்பாது. தனக்கு எவ்வளவு வொட் வேண்டும் என்று அதன் ஐடிராக் சிஎம்சியிடம் கேட்கும். சிஎம்சி தன் கணக்கைப் பார்க்கும். மிச்சம் இருந்தால் கொடுக்கும், இல்லையென்றால் மறுக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்த மறுப்பை லொக் என்ற நிகழ்வுப் பதிவில் பார்த்ததும் பிளேட் பழுது என்று விற்றவருக்கு போன் போடுவார்கள். பழுது ஒன்றுமில்லை, பட்ஜெட் இல்லை. அவ்வளவுதான்.

பவர் சப்ளை ஆறையும் மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு தனித்தனி மின்வழிகளில் கொடுத்து, ஒன்று போனாலும் மற்றது தாங்கும்படி வைக்கலாம். திரையில் அது பார்க்க மிக அழகாக இருக்கும். எங்கள் இடத்தில் இரண்டு வழியும் இரண்டு யூபிஎஸ்ஸுக்குப் போயின. இரண்டு யூபிஎஸ்ஸும் ஒரே டிரான்ஸ்போமரிலிருந்து வந்தன. அந்த டிரான்ஸ்போமருக்கு வருகிற கம்பி சவுக்கு மரங்களுக்கு நடுவே வருகிறது. தென்மேல் பருவக்காற்றில் ஒரு கிளை முறிந்தால் முடிந்தது. திரை மட்டும் எல்லாம் பாதுகாப்பு என்று பச்சையில் காட்டிக்கொண்டே இருந்தது. நாம் சொன்னதைத்தானே அது நம்பும்?

இந்தப் பக்கத்தில்தான் ஒவ்வொரு ஸ்லொட்டுக்கும் ஒரு முன்னுரிமை எண் போட வேண்டும். 1 உயர்ந்தது, 9 தாழ்ந்தது. மின்சாரம் பற்றாமல் போனால் சிஎம்சி தாழ்ந்தவற்றின் வேகத்தை முதலில் குறைக்கும். அப்போதும் பற்றாவிட்டால் அவற்றை அணைத்துவிடும். பெட்டி வரும்போது எல்லா ஸ்லொட்டிலும் 1 என்றுதான் இருக்கும். பெரும்பாலான இடங்களில் கடைசிவரை அப்படியேதான் இருக்கும். யாரும் முடிவெடுக்கவில்லை என்பதற்கு அடையாளம் அது.

2022 வரை எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது. அந்த வருடம் மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. டீசலும் இல்லை. பெரிய ஜெனரேட்டர் குடிக்கிற அளவுக்கு யாரால் கொடுக்க முடியும்? தொழிற்சாலை ஒன்றில் சும்மா கிடந்த சின்ன ஜெனரேட்டரைக் கொண்டுவந்தோம். அது தாங்குகிற அளவை சேசியின் உச்ச மின் வரம்பாகப் போட்டேன். அதை வொட்டிலும் போடலாம், சதவீதத்திலும் போடலாம். வரம்பைப் போட்ட கையோடு அடுத்த கேள்வி வந்துவிட்டது: யார் 1, யார் 9?

மனேஜர் எல்லாப் பிரிவையும் கூப்பிட்டார். சம்பளப் பிரிவு மிஸ் முதலில் பேசினார். "பத்தாம் திகதிக்குள்ள சம்பளம் போகணும் தம்பி. செக்ரோல் ஓடலன்னா யாருக்கு அரைப்பேர், யாருக்கு முழுப்பேர்னு எப்படிப் பார்க்கிறது? பெரட்டுல நின்னு பதில் சொல்றது நீங்களா?" செக்ரோல் என்பது தோட்டத்து வருகை, சம்பளப் பதிவேடு; அரைப்பேர் அரை நாள் கணக்கு, முழுப்பேர் முழு நாள் கணக்கு; பெரட்டு காலையில் ஆட்கள் கூடுகிற இடம். அவர் சொன்னதில் தப்பில்லை. விற்பனைப் பிரிவுக்கு கொழும்பில் வாராவாரம் நடக்கும் தேயிலை ஏலம். அதற்கான விபரம் நேரத்துக்குப் போகாவிட்டால் சரக்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். தொழிற்சாலைக்காரர்களுக்குக் கொழுந்து நிறுவைக் கணக்கு. மனேஜருக்கு ஈமெயில். எல்லோரும் 1 கேட்டார்கள். 9 யாருக்கும் வேண்டாம்.

நான் 1 கொடுத்தது டொமேன் கண்ட்ரோலருக்கு. "அது என்னது, நாங்க பாவிக்கிறதே இல்லையே?" என்றார் மிஸ். "அது இல்லேன்னா உங்க யாருக்கும் லொகின் பண்ணவே முடியாது மிஸ்" என்றேன். அறையில் யாருக்கும் பிடிக்கவில்லை. பெயரே தெரியாத ஒன்று தங்களை முந்திக்கொண்டு போவதை யார் விரும்புவார்கள்? சம்பளத்துக்கும் ஏலத்துக்கும் இடையில் சமரசமாக, மாதத்தின் முதல் பத்து நாள் சம்பள டேட்டாபேஸுக்கு 2, ஏல சேர்வருக்கு 3, மற்ற நாட்களில் மாறி என்று முடிவானது. சிஎம்சிக்கு எழுத்தில் கட்டளை கொடுக்கும் ரக்கடம் என்ற கருவியால் முன்னுரிமையை மாற்றலாம் என்பதால் திகதி பார்த்துத் தானாக மாற்றும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். ஈமெயில் 5. சோதனை சேர்வர்கள் 9, அவற்றுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.

நான் பிறந்தது நோர்வூட் பக்கம், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு தோட்டத்தில். அந்தத் தண்ணீர் நோர்ட்டன்பிரிட்ஜில் இருக்கும் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்த மலை ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே ஆய்வுரை எழுதினார். லக்ஷபானவிலிருந்து மின்சாரம் வந்தது 1950இல். எங்கள் லயத்துக்கு கரண்ட் வந்தபோது நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை தலைக்கு மேலே பெரிய கம்பிகள் கொழும்புப் பக்கம் போக, கீழே நாங்கள் குப்பி லாம்பு. எங்கோ ஓர் அறையில் யாரோ எங்களுக்கு எதிரே 9 என்று போட்டிருக்க வேண்டும். சோதனை சேர்வர்களுக்கு எண் போடும்போது இது ஞாபகம் வந்தது. சேர்வருக்கு வலிக்காது என்பதால் போட்டுவிட்டேன்.

ஏற்பாடு வேலை செய்தது. வரம்பைத் தொட்டதும் சோதனை சேர்வர்கள் அணைந்தன, ஈமெயில் மெதுவானது, சம்பளம் ஓடியது. எழுதிவைக்க வேண்டியது ஒன்றுதான்: ஸ்டோரேஜ் பெட்டி சேசிக்கு வெளியே இருக்கிறது, சிஎம்சிக்கு அதன் மேல் எந்த அதிகாரமும் இல்லை. அதற்கு மின்சாரம் இல்லாமல் 1ஆம் நம்பர் பிளேட் எழும்பி என்ன பயன்? எனவே ஸ்டோரேஜுக்கும் நெட்வேர்க் சுவிட்சுக்கும் தேவையானதை ஜெனரேட்டரின் அளவிலிருந்து முதலில் கழித்து, மிச்சத்தைத்தான் சேசிக்கு வரம்பாகப் போட வேண்டும். இதைக் கழிக்காமல் முழு அளவையும் சேசிக்குக் கொடுத்துவைத்திருக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன.

நான் அந்த வேலையை விட்டபோது பொறுப்பெடுத்தது பண்டாரவளையிலிருந்து வந்த ஒரு தங்கச்சி. நல்ல கெட்டிக்காரி. என் பட்டியலைப் பார்த்தவுடனே பெக்கப் சேர்வருக்கு ஏன் 7 என்று கேட்டார். மின்வெட்டு நேரத்தில் பெக்கப் ஓடத் தேவையில்லை, கரண்ட் வந்த பிறகு ஓடட்டும் என்றேன். "கரண்ட் வந்து வந்து போற நேரத்துலதானே அண்ணே டேட்டா உடையும்? அப்பதானே பெக்கப் வேணும்?" என்று கேட்டுவிட்டு அதை 2க்கு ஏற்றிவிட்டார். ஏல சேர்வர் 4க்கு இறங்கியது, விற்பனைப் பிரிவு கடிதம் எழுதியது. எனக்கு இன்னும் 7தான் சரி என்று படுகிறது. அவர் மாற்றவில்லை.