நிலம் விற்ற பணத்துக்கு யார் கணக்குக் கேட்பது?

நகரின் பழைய பகுதிகளைப் புதுப்பிக்க அரசு மானியம் பெற்றும் பொதுநிலத்தை விற்றும் இயங்கிய நகர மறுசீரமைப்புக் கழகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றியிருக்கிறேன். பணம் கொடுப்பவரைப் பார்த்தபடிதான் அந்த நிறுவனம் எப்போதும் நின்றது. அரசு மானியம் என்றால் எவ்வளவு வந்தது, நிதியாண்டு முடிவதற்குள் எவ்வளவு செலவானது, மீதி ஏன் கிடக்கிறது என்று காசு காசாக அறிக்கை போகும். நிலம் விற்று வந்த தொகைக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது. என்ன விலைக்கு விற்றீர்கள் என்று குடியிருப்போர் எழுதிக் கேட்டால், வணிக ரகசியம் என்று ஒரு வரியில் பதில் அனுப்பினார்கள்.

பேரம் நடக்கும்போது விலையை மறைப்பதில் நியாயம் உண்டு. பத்திரம் பதிவான பிறகும் மறைப்பது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. விற்றது பொதுமக்களின் நிலம். வாங்கியவருக்குத் தெரிந்த விலை, உரியவர்களுக்குத் தெரியக் கூடாதா?

இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றத்துக்கு வெளியே வேண்டுமென்றே நிறுவப்படுகின்றன. லண்டனின் பழைய துறைமுகப் பகுதிக்கு 1981இல் அமைத்த வளர்ச்சிக் கழகத்தின் உறுப்பினர்களை அமைச்சரே நியமித்தார். கட்டுமானத் திட்டங்களுக்கு அனுமதி தரும் அதிகாரமும் உள்ளாட்சிகளிடமிருந்து அதற்குப் போனது. வேலை வேகமாக நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1998இல் அந்தக் கழகம் மூடப்பட்டது. குறித்த காலத்தில் கலைந்துவிடும் அமைப்பிடம், கலைந்த பின் யார் போய்க் கேள்வி கேட்பது?

கலிபோர்னியாவில் சிக்கல் வேறு. அங்கிருந்த நானூறுக்கும் மேற்பட்ட மறுசீரமைப்பு முகமைகள், தங்கள் எல்லைக்குள் சொத்துவரி கூடினால் அந்தக் கூடுதலைத் தாங்களே எடுத்துக்கொண்டு கடன் அடைத்தன. முகமை இல்லாமலேயே கூடியிருக்கக்கூடிய வரியும் அதில் கலந்திருந்தது. பள்ளிகளுக்குப் போகவேண்டிய பங்கு குறைந்தது; மாநிலக் கருவூலம் அதை ஈடுகட்டியது. நிதி நெருக்கடி முற்றியபோது மாநிலம் சட்டம் இயற்றி, 2012 பிப்ரவரியில் அத்தனை முகமைகளையும் கலைத்தது. எங்கள் ஆண்டறிக்கையில் நில விற்பனையைச் சொந்த வருவாய் என்று காட்டியபோதெல்லாம் எனக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வந்தது.

விற்ற ஒவ்வொரு மனைக்கும் மதிப்பீட்டு விலை, விற்ற விலை, வாங்கியவர், அவர் ஒப்புக்கொண்ட வீடுகளின் எண்ணிக்கை, உண்மையில் கட்டிய வீடுகள் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் வெளியிடலாம் என்று மேலதிகாரிகளுக்குக் குறிப்பு எழுதினேன். மொத்தத் தொகையை மட்டும் சேர்த்தார்கள். ஒப்புக்கொண்ட வீடுகள், கட்டிய வீடுகள் என்ற கடைசி இரண்டு விவரங்களும் இல்லாமல் அந்தத் தொகையை வைத்து எதையும் எடைபோட முடியாது.