லெந்து நாட்களில் ஒரு ஸ்தோத்திர நோட்டு

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்கும் சாம்பல் புதன் அன்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஞாயிறுகளைக் கழித்தால் ஈஸ்டர் வரை 40 நாள்; நாளுக்கு ஒரு பக்கம் கடவுளுக்கு நன்றி எழுத. அண்ணன் மேல் ஆறு வருஷமாக இருக்கும் கசப்பு தீர வேண்டும், அதற்காகத்தான். அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர், அடக்கம் முடிந்த மறுவாரம் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார். அதோடு பேச்சு நின்றது.

முதல் வாரம் எழுதியது சுகம், சாப்பாடு, பிள்ளைகள். ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் சொல்வதுதான். மனசு அசையவில்லை. விளக்கை அணைத்ததும் அந்தப் பத்திரப் பேச்சு வரிவரியாக ஓடும், நான் அன்று சொல்லாமல் விட்ட பதிலோடு சேர்த்து.

இரண்டாம் வாரம் 1 கொரிந்தியர் 13 வாசித்தேன். அன்பு "தீங்கு நினையாது" என்கிறது ஐந்தாம் வசனம். மூல கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது கணக்கு எழுதுகிறவர்கள் புழங்கிய சொல். தீங்கைக் கணக்கில் ஏற்றி வைக்காது என்று அர்த்தம். நான் ஆறு வருஷமாக எழுதி வந்தது அந்தக் கணக்கைத்தான். வரவுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

சரி, இனி அண்ணனிடமிருந்து பெற்றதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன். 11-ஆம் நாள் பக்கம் வெறுமையாகவே போனது. மறுநாள் ஒன்று வந்தது. நான் மூன்றாம் வகுப்பு. அடை மழை. அண்ணன் ஒரு யூரியா சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடக்கிக் கொங்காணி மாதிரி என் தலையில் போட்டு, சைக்கிளில் வைத்து மிதித்தார். அந்தச் சாக்கின் நெடியும், முன்னால் அவருடைய ஈரச் சட்டை முதுகும் அப்படியே கண்ணில் நின்றன. அழுதுகொண்டேதான் எழுதினேன். அப்புறம் பக்கங்கள் தானாக நிறைந்தன.

நன்றி சொல்வதால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. இதில் எனக்கு உதவியது, யூதர்களை ஒளித்து வைத்ததற்காக நாஜிகளிடம் சிறைப்பட்ட டச்சுக் கிறிஸ்தவப் பெண் கோரி டென் பூமின் சாட்சி. அவர் அடைபட்டிருந்த ராவென்ஸ்புருக் நாஜி முகாமில் இருந்த காவலன் ஒருவன் 1947-இல் மியூனிக்கில் அவர் முன் கை நீட்டினான். அவருக்குக் கை எழும்பவில்லை. இயேசுவிடம் உதவி கேட்டு, மனசில் ஒன்றும் இல்லாமலே கையைக் கொடுத்தார். அன்பு அதற்குப் பிறகுதான் வந்தது. நானும் மனசு இளகட்டும் என்று காத்திருக்கவில்லை.

39-ஆம் நாள், பெரிய வெள்ளி. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம் கோவிலில் முடிந்து வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். "என்ன பிள்ளை, நல்லா இருக்கியா?" என்றார். பத்திரத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. சாக்கைப் பற்றிக் கேட்டேன். அது அவருக்கு ஞாபகமில்லை. நோட்டெல்லாம் நனைந்ததற்காக அன்று வாத்தியாரிடம் அடி வாங்கியது மட்டும் ஞாபகம் இருந்தது.

எனக்கு அது இத்தனை நாள் தெரியாது. நாற்பதாம் பக்கத்தில் அதை எழுதினேன்.